முள்ளாட்டத்துக்கு ஒரு மேடை

“போன மழைக்கு நம்ம வளை வாசல்ல ஆடினப்ப என்ன நடந்ததோ, அதேதான் இந்த மழைக்கும் நடக்கப் போகுது. நாம ஆட ஆரம்பிப்போம், இந்தக் காடே ஓட ஆரம்பிக்கும்!” என்றது வேலாண்டி.

வேலாண்டி ஒரு முள்ளம்பன்றி. மருதங்குளத்துக் காட்டில், உண்ணிச்செடிப் புதருக்கு அடியில் வளை தோண்டிக் குடியிருந்தது. கூடவே அதன் மனைவி சடைச்சி. பக்கத்து வளைகளில் சொந்தக்காரர்கள் ஐந்து பேர். ஆக மொத்தம் ஏழு உருப்படி.

“எல்லாரும் ஓடிட மாட்டாங்க. ஒரு தடவை முழுசாப் பார்த்துட்டாங்கன்னா போதும்!” என்றது சடைச்சி.

“பார்க்கறதுக்கு நிக்கணுமே! நின்னாத்தானே பார்க்கும்?”

வேலாண்டி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே!

ஏழு பேரும் கல்லுமலையிலிருந்து வந்தவர்கள். இரண்டு கோடைக்கு முன்னால் அங்கே தீப்பிடித்து, புல்லும் கிழங்கும் பொசுங்கிப் போய்விட்டன. மூன்று நாள் நடந்து, காலெல்லாம் கொப்பளித்து, இந்தக் குளத்தின் தண்ணீரைக் கண்டதும்தான் உயிர் வந்தது. யாரும் விரட்டவில்லை. அதுவே பெரிய புண்ணியம். ஆனால் யாரும் கிட்டேயும் வரவில்லை. சடைச்சி தண்ணீர் குடிக்க இறங்கினால் துறையே காலியாகிவிடும். மான் ஒரு பக்கம் பாயும், முயல் ஒரு பக்கம் பாயும், தவளைகூடத் தண்ணீருக்குள் குதித்துவிடும்.

ஏன் என்று கேட்கிறீர்களா? முள்ளம்பன்றி முள்ளை அம்பு மாதிரி எய்யும் என்று அந்தக் காட்டில் எல்லோரும் நம்பினார்கள். யார் கண்ணால் பார்த்தார்கள்? ஒருவரும் இல்லை. ஆனாலும் அத்தனை பேருக்கும் தெரியும்! முள் தானாக உதிருமே தவிர எங்கேயும் பாயாது என்று சடைச்சி யாரிடம் போய்ச் சொல்லும்? சொல்வதற்கு வாயைத் திறக்கும் முன்னாலேயே ஆள் இருக்காதே!

முள்ளம்பன்றிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. இதுதான் இனி நம் ஊர் என்று மனசுக்குப் பட்டுவிட்டால் வளைக்கு இரண்டு வாசல் வைக்கும். நாலு நாள் தங்கிவிட்டுப் போகிற இடம் என்றால் ஒரே வாசல். வேலாண்டி இரண்டு வருஷமாக ஒரே வாசலோடு காலத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது. சடைச்சி கேட்கும்போதெல்லாம், “பார்க்கலாம், பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும்.

அன்றைக்கு அந்தப் ‘பார்க்கலாம்’கூடப் போய்விட்டது.

“இந்தா பாரு சடைச்சி. இந்த விழாவிலயும் நம்மளைக் கண்டு ஊரே ஓடுச்சுன்னா, மறுநாளே கல்லுமலைக்குக் கிளம்பிடணும். அங்க பட்டினி கிடந்தாலும் கௌரவமாக் கிடக்கலாம்!”

“மூணு நாள் நடக்கணுமேங்க...” என்றது சடைச்சி மெதுவாக. அதன் வயிற்றில் குட்டி இருந்தது. மழை முடிவதற்குள் பிறந்துவிடும். வழியில் ஒதுங்க ஒரு பொந்துகூடக் கிடையாது.

வேலாண்டிக்கும் அது தெரியும். தெரிந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சரி, அது என்ன விழா? மருதங்குளம் நிரம்பி மறுகால் பாய்கிற வருஷமெல்லாம் பஞ்சாயத்து ஒரு கலைவிழா நடத்தும். குளக்கரையில் தட்டையாக ஒரு பெரிய பாறை. அதுதான் மேடை. யார் வேண்டுமானாலும் ஆடலாம், பாடலாம். முன்கூட்டியே போய் பஞ்சாயத்து மரத்தடி ஈரமண்ணில் காலடி பதிக்க வேண்டும். காலடி காய்வதற்குள் கிளார்க் அணில் வரியன் வந்து பார்த்து, இன்னார் என்று ஒப்புக்கொண்டால் இடம் கிடைத்த மாதிரி.

பொழுது சாய்ந்ததும் சடைச்சி தனியாகவே கிளம்பியது. மருத மரத்தடியில் தலைவர் கருப்பாயி அசை போட்டுக்கொண்டு நின்றது. கருப்பாயி ஒரு காட்டெருமை. நாலு காலும் வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி இருக்கும். பேச்சு கொஞ்சம். செய்கைதான் அதிகம்.

சடைச்சியைக் கண்டதுதான் தாமதம், வரியன் விருட்டென்று உச்சாணிக் கிளைக்கு ஏறிவிட்டது.

“யாரது? என்ன வேணும்? அங்கேயே நில்லு!” என்று மேலேயிருந்து கீச்சிட்டது.

“விழாவுக்குக் காலடி வைக்க வந்தேங்க” என்றது சடைச்சி.

“நீயா? என்ன பண்ணுவே?”

“முள்ளாட்டம்ங்க. எங்க மலையில மழைக்கு மழை ஆடுவோம். வாலுல இருக்கற முள்ளு உள்ளே வெறும் கூடு. உதறினா சலசலன்னு சத்தம் குடுக்கும். நாங்க ஒரு தாளம் உதறுவோம், பார்க்கறவங்க காலால தட்டிப் பதில் தாளம் குடுப்பாங்க. அங்கே முயலுங்க தட்டும். பதில் இல்லாட்டி அந்த ஆட்டம் நகராதுங்க. வந்து ரெண்டு வருஷமாச்சு, நாங்க ஒரு தடவைகூட முழுசா ஆடலை.”

கருப்பாயி அசை போடுவதை நிறுத்தியது.

“வையும்மா காலடியை” என்றது.

“தலைவரம்மா!” என்று வரியன் பதறியது. “விழா உச்சி வெயில்ல. இவங்களுக்குப் பகல்ல கண்ணு கூசுமே! தூங்குவாங்களே! அப்புறம் எப்படி?”

சடைச்சி தலை குனிந்துகொண்டது. அதைத்தான் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தது.

“வரியா, விழாவை ஏன் உச்சி வெயில்ல வைக்கறோம்?”

“எப்பவும் அப்படித்தானே தலைவரம்மா!”

“யாரு வச்ச சட்டம்?”

வரியன் வாலால் மூக்கைத் தேய்த்தது. யோசித்தது. “யாரும் வைக்கலை. அப்படியே வந்துட்டுது.”

“அப்ப அந்திக்கு மாத்திடு. வௌவாலும் வரும், ஆந்தையும் வரும். இத்தனை வருஷம் அதுங்களையும் கூப்பிடாம விட்டுட்டோமே!”

முடிந்தது பேச்சு! சடைச்சி முன்னங்காலை ஈரமண்ணில் அழுத்தி வைத்தது. சின்னக் கை பதித்த மாதிரி விரல் விரலாக விழுந்தது அந்தத் தடம். அதைப் பார்க்கப் பார்க்க சடைச்சிக்குக் கண் கலங்கியது. ஒரு பெரிய ஆள் தனக்காகச் சூரியனையே கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்ன மாதிரி இருந்தது.

“உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலீங்க!”

“ஆடி முடிச்சுட்டுச் சொல்லு” என்றது கருப்பாயி. “பழகறதுக்கு நாங்க உப்பு நக்கற உப்புத்தரையை எடுத்துக்குங்க. ராத்திரி நேரத்துக்கு அங்கே யாரும் வர மாட்டாங்க. முயலுங்ககிட்ட நான் பேசறேன். பதில் தாளம் தட்டச் சொல்லிக் கேப்பேன். கட்டாயப்படுத்த மாட்டேன்.”

சொன்னபடியே கருப்பாயி போய்க் கேட்டது. முயல்களுக்கு வெள்ளச்சிதான் முன்னத்தி. “வருவோம் தலைவரம்மா. ஆனா புதருக்குப் பின்னாலதான் நிப்போம். புள்ளைகுட்டிக்காரி நான்!” என்றதாம் வெள்ளச்சி. அது போதும் சடைச்சிக்கு.

எல்லோருக்கும் சந்தோஷம்தானா என்றால், இல்லை. மயில் நீலகண்டனுக்கு வயிறு எரிந்தது. வருஷா வருஷம் விழாவில் அதன் தோகைதான் பேச்சு. உச்சி வெயிலில் விரித்தால் கண்ணைப் பறிக்கும். அந்தியில் விரித்தால்? நீலமும் பச்சையும் எங்கே தெரியப் போகிறது? எல்லாம் கறுப்புதான்!

நீலகண்டன் மறுநாள் காலையிலேயே மரத்தடியில் வந்து குதித்தது.

“நேத்து வந்தவங்களுக்காக என் ஆட்டத்தை இருட்டுல தள்ளிட்டீங்களே! நியாயமா?”

“ஒரு வருஷம் பொறுத்துக்கப்பா” என்றது கருப்பாயி. அதோடு போய்விட்டது.

அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்தியிருக்கக் கூடாது. அதைக் கருப்பாயியே பிறகு ஒப்புக்கொண்டது. அப்போது தோன்றவில்லை.

ஏழு பேரும் உப்புத்தரையில் பழகினார்கள். வேலாண்டி முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தது. ஆனால் தாளத்தை ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை! இதற்கு நடுவில் சடைச்சி ஒன்றைக் கவனித்தது. வளை வாசலில் உதிர்ந்து கிடந்த முட்களைக் காணோம். யாரோ ஒன்று விடாமல் பொறுக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

“பார்த்தீங்களா! பஞ்சாயத்துல இருந்து வந்து வாசலைக் கூட்டிட்டுப் போயிருக்காங்க! எவ்வளவு நல்ல மனசு!” என்று உருகியது சடைச்சி.

வேலாண்டி சந்தேகமாகத் தலையை மட்டும் ஆட்டியது.

விழா நாள் வந்தது. வெயில் இறங்கியது. குளத்துத் தண்ணீர் செம்பு நிறமாக மாறியது. மறுகாலில் தண்ணீர் விழுகிற சத்தம் காடு முழுக்கக் கேட்டது. கரையெல்லாம் கூட்டம்! முதன்முறையாக வௌவால்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே வேடிக்கை பார்த்தன. தவளைகள் பாடின, குரங்குகள் கரணம் அடித்தன. நீலகண்டன் தன் முறை வந்ததும் ஆடவில்லை. “எனக்குக் கால் வலி” என்று சொல்லிவிட்டு, மேடைக்கு எதிரே ஒரு பட்ட மரத்தின் அடியில் போய் நின்றுகொண்டது.

“அடுத்து முள்ளாட்டம்!” என்று வரியன் அறிவித்தது.

கூட்டம் கப்சிப் என்று அடங்கியது. ஏழு முள்ளம்பன்றிகளும் பாறைமேல் ஏறின. ஏறி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றன. முள்ளாட்டத்தில் அதுதான் வணக்கம். சத்தம் போடுகிற முள் வாலில்தானே இருக்கிறது! ஆனால் மருதங்குளத்துக்காரர்களுக்கு அது எப்படித் தெரியும்? முள்ளம்பன்றி முதுகைத் திருப்பினால் எய்யப் போகிறது என்றுதான் அவர்கள் கேள்விப்பட்டிருந்தார்கள். மான்கள் ஓரடி பின்னால் நகர்ந்தன.

சடைச்சி முட்களை மெல்ல விரித்தது. வாலை உதறியது.

சல சல சல்! சல சல சல்!

அவ்வளவுதான்! “ஐயோ! முள் பாயுது! முள் பாயுது! இங்கே பாருங்க, மரத்துல குத்தி நிக்குது!” என்று நீலகண்டன் காடே அதிரக் கத்தியது.

பட்ட மரத்தில் நிஜமாகவே ஏழெட்டு முட்கள் குத்தி நின்றன!

பிறகு என்ன? மான் பாய்ந்தது, குரங்கு தாவியது, தவளைகள் தொபுக்கு தொபுக்கென்று விழுந்தன. முயல்கள் நின்ற புதரில் இலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் கரை காலி.

சடைச்சிக்குத் திரும்பிப் பார்க்கவும் தைரியம் வரவில்லை.

“போதும் சடைச்சி” என்றது வேலாண்டி. அதன் குரலில் கோபம்கூட இல்லை. “காலையில கிளம்பிடலாம்.”

சடைச்சி வயிற்றுக்குள் குட்டி புரண்டது. மூன்று நாள் நடை கண்ணுக்குள் வந்து நின்றது. வாலைத் தாழ்த்திக்கொண்டு இறங்கப் போனது.

அப்போது பின்னால் ஒரு காலடிச் சத்தம் கேட்டது. தொம். தொம். தொம். பாறையே லேசாக அதிர்ந்தது. சடைச்சி தலையைத் திருப்பியது.

கருப்பாயி! அந்தப் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு வந்து, முட்களுக்கு நேர் பின்னால், இரண்டே முழத் தூரத்தில், காலை மடக்கி உட்கார்ந்தது.

“நிறுத்தாதேம்மா. ஆடு!” என்றது.

“தலைவரம்மா, நீங்க... பயமா இல்லையா?”

“இருக்கு” என்றது கருப்பாயி. நிஜமாகவே அதன் காது படபடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. “அதுக்கென்ன? இடம் குடுத்தது நான். முதல் ஆளா நான்தானே உக்காரணும்! ஆடு. பதில் தாளம் எப்படித் தட்டணும்னு மட்டும் சொல்லு!”

சடைச்சிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே வாலை உதறியது. சல சல சல்!

கருப்பாயி முன்னங்குளம்பைத் தூக்கி அடித்தது. தொம்!

சல சல சல்! தொம்! சல சல சல்! தொம் தொம்!

தாளம் கொஞ்சம் பிசகியது. பிசகினால் என்ன! இரண்டு வருஷத்துக்குப் பிறகு கேட்ட பதில் அல்லவா? கிளம்பலாம் என்று சொன்ன வேலாண்டியின் வால் தன்னால் உதற ஆரம்பித்தது. ஏழு பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

தலைவர் உட்கார்ந்த இடத்தில் ஒரு முள்கூடப் போய் விழவில்லை. இதை மரக்கிளையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வரியனுக்கு உறைத்தது. ‘அப்படியானால் அந்தப் பட்ட மரத்தில் நிற்பது என்ன?’ இறங்கி ஓடியது. மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு கீச்சுக் கீச்சென்று சிரித்தது பாருங்கள், ஓடிப்போனவர்களெல்லாம் புதரிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்!

“ஓடி வாங்க எல்லாரும்! பாய்ஞ்சு வந்த முள்ளு கூர்முனையால தானே குத்தணும்? இங்கே எல்லா முள்ளும் அடிப்பக்கத்தால சொருகியிருக்கு! கூர்முனை வெளியே நம்மளைப் பார்த்து நிக்குது! முள்ளு என்ன குட்டிக்கரணம் போட்டா வந்துச்சு?”

வெள்ளச்சி மெதுவாக வந்து பார்த்தது. “அட, ஆமா! அதுவும் வரிசையா, விசிறி மாதிரி விரிச்சுல்ல வச்சிருக்கு!”

எல்லோரும் ஒரே நேரத்தில் நீலகண்டனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். நீலகண்டனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு அலங்காரம், தன் தோகை. இறகு என்றால் அடிப்பக்கம் உள்ளே, அழகு வெளியே! பொறுக்கிவந்த முட்களையும் அந்தப் பழக்கத்திலேயே சொருகி வைத்துவிட்டது. அழகாக விரித்து வேறு வைத்துவிட்டது. கை வேலையே ஆளைக் காட்டிக் கொடுத்துவிட்டது!

நீலகண்டன் கழுத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் நின்றது.

“என் வாசலைக் கூட்டினது நீதானா?” என்றது சடைச்சி. அதற்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

“விரட்டுங்க அதை!” என்று குரங்குகள் கத்தின.

“சும்மா இருங்க!” என்று கருப்பாயி எழுந்தது. “நீலகண்டா, நீ செஞ்சது பெரிய தப்பு. அதுக்கு இந்த ஊர் முன்னால இவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும். ஆனா என் பேர்லயும் ஒரு தப்பு இருக்கு. ஒருத்தருக்கு இடம் குடுக்கும்போது உன்னைக் கேக்காம உன் வெளிச்சத்தை எடுத்துட்டேன். அடுத்த தடவை விழா வெயில் இருக்கும்போதே ஆரம்பிக்கும். உன் தோகையில தொடங்கி, இவங்க முள்ளுல முடியும்.”

நீலகண்டன் நிமிர்ந்து பார்த்தது. பிறகு தலை தரையைத் தொடக் குனிந்தது. “மன்னிச்சுடு சடைச்சி. என் பொறாமை என் கண்ணை மறைச்சுடுச்சு.”

“விடு. ஆட்டம் பாதியில நிக்குது, வந்து பாரு!” என்றது சடைச்சி.

மறுபடி ஏழு பேரும் முதுகைக் காட்டி நின்றார்கள். இந்த முறை ஒரு மானும் நகரவில்லை. சடைச்சி வாலை உதறியது. சல சல சல்! ஒரு நொடி ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மேடைக்குப் பக்கத்திலேயே, புதருக்குப் பின்னால் அல்ல, ஒரு காலடித் தாளம் எழுந்தது. தட் தட்! வெள்ளச்சி! அதற்குப் பின்னால் அதன் குட்டிகள். தட் தட் தட்! பிறகு மான், பன்றி, குரங்கு என்று கரை முழுக்கக் கால் தட்டியது. கல்லுமலையில்கூட இத்தனை கால்கள் பதில் சொன்னதில்லை. சடைச்சிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்து, முட்கள் அத்தனையும் தானாக எழுந்து நின்றன. ஒருவரும் ஓடவில்லை!

ஆட்டம் முடிந்து எல்லோரும் கலையும்போது சடைச்சி கருப்பாயியின் எதிரே போய் நின்றது.

“ஆடி முடிச்சுட்டுச் சொல்லுன்னீங்க. இப்பச் சொல்றேன். நீங்க மேடை குடுத்தீங்க, நேரத்தை மாத்தினீங்க, எல்லாத்துக்கும் நன்றிங்க. ஆனா பயத்தோட வந்து உக்காந்தீங்களே, அதை என் உசிரு உள்ளவரை மறக்க மாட்டேன்!”

கருப்பாயி தன் முன்னங்குளம்பைக் குனிந்து பார்த்தது. “தாளம் ரொம்பத் தப்பாத் தட்டிட்டேனோ?” என்றது.

“ரொம்ப!” என்று சொல்லிச் சிரித்தது சடைச்சி.

விடிகிற நேரம். வளைக்குள் படுத்திருந்த சடைச்சிக்கு ஏதோ பிறாண்டுகிற சத்தம் கேட்டது. பக்கத்தில் பார்த்தால் வேலாண்டியைக் காணோம். சத்தம் வளையின் அடிக்கோடியிலிருந்து வந்தது. சடைச்சி ஊர்ந்து போய்ப் பார்த்தது. மண் பின்பக்கமாகப் பறந்து வந்து அதன் மூக்கில் விழுந்தது.

“என்னங்க பண்றீங்க? இன்னைக்குக் கல்லுமலைக்குக் கிளம்பணும்னீங்களே!”

“குறுக்கே பேசாதே, வேலை இருக்கு” என்றது வேலாண்டி, திரும்பாமலே. “குட்டி பிறக்கப் போற வீட்டுக்கு ரெண்டாவது வாசல் வேண்டாமா?”

சொல்லி முடிப்பதற்குள் கடைசி மண்கட்டி உடைந்தது. புது வாசல் வழியாகக் குளத்துக் காற்று உள்ளே வந்தது. வெளியே துறையில் வெள்ளச்சி தன் குட்டிகளோடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. வேலாண்டியின் மண் படிந்த மூக்கைப் பார்த்ததும் அது ஓடவில்லை. காலை இரண்டு தடவை தரையில் தட்டியது. தட் தட்!

வேலாண்டி அவசர அவசரமாகத் திரும்பி, வாலை வெளியே நீட்டிப் பதில் சொன்னது.

வந்தவர்களின் கலைக்கு இடம் கொடுப்பதோடு நிற்காமல், தானே முதல் ஆளாக எதிரில் வந்து உட்காருகிற தலைமை இருந்தால், வந்தவர்களும் ஊர்க்காரர்கள் ஆகிவிடுவார்கள்.